குழாயின் உட்புறம்

குழாயைப் பற்றி ஒரு கட்டுரையா என்று நேயர்களிற் சிலர் நகைக்கக்கூடும். தண்ணீர் வராத நாளிலன்றி ஏனைய நாள்களில் குழாயை நினைப்பவர் எவருமிலர். அது சுவருக்குள்ளும் மண்ணுக்குள்ளும் ஆலைக் கூரையின் இருளுக்குள்ளும் ஒதுங்கிக் கிடந்து, தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கிறது. ஆயினும், நம் ஜொகூர் நாட்டின் வாழ்வு இன்று எதன் வழியாக ஓடுகின்றது என்று ஒருவர் வினவினால், எஃகுக் குழாயின் வழியாக என்று சொல்வதே பொருத்தமான விடையாகும். அக்குழாயை இணைக்கும் கையைப் பற்றியும், அக்கைக்கு நம் மக்கள் அளித்துவரும் மதிப்பைப் பற்றியும் சில சொல்ல விரும்புகின்றோம்.

முதலாவது தண்ணீரை எடுத்துக்கொள்வோம். 1924ஆம் ஆண்டு ஜூன் மாதம் 28ஆம் நாள் முறையாகத் திறக்கப்பெற்ற ஜொகூர் பாலத்தின் ஓரமாக, பெருத்த குழாய்கள் சிங்கப்பூரை நோக்கிச் செல்வதை அவ்வழியே சென்று வந்தோர் கண்டிருப்பர். 1927இல் ஏற்பட்ட முதல் தண்ணீர் உடன்படிக்கையிலிருந்து இந்த உறவு தொடர்கின்றது. 1942 ஜனவரி 31ஆம் நாள், ஜப்பானியர் வருகையைத் தடுக்கப் பிரிட்டிஷ் படையினர் பாலத்தை வெடிவைத்து உடைத்தபொழுது, தண்ணீர்க் குழாயும் அதனோடு அறுந்தது. பல லட்சம் மக்களின் தாகம் ஒரு குழாயில் தொங்கிக்கொண்டிருந்தது என்பதை அப்பொழுதுதான் பலரும் உணர்ந்தனர். பின்னர் 1962இல் ஏற்பட்ட உடன்படிக்கை, நாளொன்றுக்கு 250 மில்லியன் காலன் வரையில் ஜொகூர் ஆற்று நீரைச் சிங்கப்பூர் எடுத்துக்கொள்ள இடந்தருகின்றது. அது 2061 வரை செல்லும்.

இரண்டாவது எண்ணெய். கோத்தா திங்கி மாவட்டத்தின் தென்கிழக்கு மூலையிலுள்ள பெங்கெராங்கில், 2014 ஏப்ரல் மாதத்தில் பெட்ரோனாஸ் நிறுவனம் முடிவெடுத்துக் கட்டத் தொடங்கிய சுத்திகரிப்பாலை, நாளொன்றுக்கு 3 லட்சம் பீப்பாய் கச்சா எண்ணெயைக் காய்ச்சும் வல்லமையுள்ளது. சவூதி அராம்கோ நிறுவனம் அதில் பங்காளியாகச் சேர 2017இல் உடன்பட்டது. தூரத்திலிருந்து அவ்விடத்தைப் பார்ப்பவர்க்கு ஆலையென்று தோன்றாது. குழாய்களால் நெய்யப்பட்ட ஒரு காடு என்றே தோன்றும்.

மூன்றாவது, நமக்கு மிக அண்மையிலுள்ளது, செம்பனை ஆலை. நாம் ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்து அலுவலகத்தில் கிராணியாக இருந்துவருகின்றோம். காயும் குலையும் லாரியில் ஏறிப் போவதைக் கணக்கிலெழுதுவது நமது வேலை. ஆனால் அக்குலை ஆலைக்குட் சென்றவுடன் அதனைச் சந்திப்பது கத்தியன்று, நீராவியே. ஏறத்தாழ மூன்று பங்கு காற்றழுத்தத்தில், 140 பாகை வெப்பத்தில், ஒரு மணி நேரத்துக்கு மேல் குலைகள் வேகவைக்கப்படுகின்றன. அங்ஙனம் வேகாவிடில் காய் குலையினின்று கழலாது. எண்ணெயும் புளித்துக் கெடும். அந்நீராவியைக் கொதிகலனிலிருந்து சுமந்து செல்வதும் எஃகுக் குழாயே. ஆகவே, தோட்டத்தில் நாம் பெறும் ஒவ்வொரு வெள்ளியும் ஒரு குழாயின் வழியாக வந்ததே என்று சொன்னால் அது மிகையாகாது.

நிற்க. இக்குழாய்களிற் பெரும்பாலானவை கார்பன் எஃகு எனப்படும் உலோகத்தால் ஆனவை. இரும்போடு சிறிதளவு கரி சேர்ந்ததே கார்பன் எஃகு. நீராவிக் குழாய்களுக்குப் பெரிதும் வழங்கும் வகையில், கரியின் அளவு நூற்றுக்கு 0.30 பங்கை மிஞ்சலாகாது என்பது விதி. கரி மிகுந்தால் எஃகு கடினமாகும். ஆனால் ஒட்டவைத்த இடத்தருகே கண்ணாடிபோல் வெடிக்கும் தன்மையும் அதற்கு வந்துவிடும். கரி அளவோடு இருந்தாலோ அது வளையும், தாங்கும், விலையும் மலிவு. துருப்பிடிப்பதொன்றே அதன் பெருங்குறை.

எவ்வளவு நல்ல எஃகாயினும் குழாய் துண்டு துண்டாகவே வருகின்றது. துண்டுகளை ஒன்றாக்குவதே வெல்டிங் என்னும் பற்றவைப்புத் தொழில். அது பசை போட்டு ஒட்டுவதன்று, திருகிப் பூட்டுவதுமன்று. இரு குழாய்களின் ஓரங்களையும் உருக்கி, இடையில் ஒரு குச்சியின் உலோகத்தையும் உருக்கிச் சேர்த்து, மூன்றையும் ஒரே பொருளாக உறையச் செய்வதாகும். எஃகு உருகுவதற்கு ஏறத்தாழ 1,500 பாகை வெப்பம் வேண்டும். மின்சாரம் குச்சியின் நுனியிலிருந்து குழாய்க்குப் பாயும்போது உண்டாகும் வில்போன்ற சுடரின் வெப்பமோ, சூரியனின் மேற்பரப்பு வெப்பத்தையும் மிஞ்சத்தக்கது. 1880களில் ருஷ்ய நாட்டு பெனார்தோஸ் கரிக்கோலைக் கொண்டு இச்சுடரை உண்டாக்கினார். 1888இல் அந்நாட்டவரேயான ஸ்லாவியானோவ் உலோகக் குச்சியையே உருக்கி ஒட்டவைத்தார். பின்னர் சுவீடன் நாட்டு ஆஸ்கார் கெல்பெர்க் குச்சிக்கு ஒரு மேற்பூச்சைக் கண்டுபிடித்து, 1904இல் இத்தொழிலுக்கென்றே ஒரு கம்பெனியையும் தொடங்கினார். அப்பூச்சு எரிந்து புகையாகவும் கசடாகவும் மாறி, உருகிய உலோகத்தைக் காற்றுத் தீண்டாமற் காக்கின்றது. இன்று உலகெங்கும் கையில் பிடிக்கப்படும் குச்சி அதன் வழித்தோன்றலே.

இவ்வளவும் புத்தகத்திற் கிடைக்கும் அறிவு. இதற்கு மேற்பட்டதை ஆலையிலே கண்டோம். நம் தோட்டத்தை அடுத்த ஆலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொதிகலனை அணைத்துவிட்டு, தேய்ந்துபோன நீராவிக் குழாயில் ஒரு பகுதியை மாற்றினார்கள். அன்று உழைத்தவர்களின் மிகைநேரக் கணக்கை எழுதும் பொருட்டு நாமும் அங்கிருந்தோம். குழாயை ஒட்டவைக்க வந்தவர் ஐம்பது வயதைக் கடந்த தமிழர். ரப்பர்த் தோட்டமொன்றின் லயத்திற் பிறந்து, பாசீர் கூடாங் கப்பல் பட்டறைகளில் தொழில் பழகியவர்.

அவர் சுடரைக் கொளுத்துவதற்கு முன் செலவிட்ட நேரமே பெரிது. குழாயின் ஓரத்தைக் கிரைண்டரால் சரிவாகச் சீவினார். துருவும் எண்ணெய்ப் பிசுக்கும் போய் வெள்ளி நிறம் தெரியும்வரை தேய்த்தார். இரண்டு ஓரங்களுக்கிடையே ஒரு குச்சிக் கம்பியின் கனத்திற்கு, ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர், இடைவெளி விட்டார். அது சுற்றிலும் ஒரே அளவாயிருக்கின்றதா என்று விரலாலும் கண்ணாலும் மீண்டும் மீண்டும் பார்த்தார். பின்னர் குழாயின் அடியிலே மல்லாந்து படுத்து, முகக் கவசத்தைக் கவிழ்த்துக்கொண்டு, கீழிருந்து மேலாக ஒட்டவைக்கலானார். முடிந்தபின் அடுக்கிவைத்த காசுகளைச் சரித்தாற்போன்ற வரிகள் குழாயைச் சுற்றி ஒழுங்காகக் கிடந்தன.

“அண்ணே, வெகு அழகாக அமைந்துவிட்டதே!” என்றோம்.

அவர் சிரித்தார். “மேலே பார்த்து அழகு சொல்லாதீங்க ஐயா. உள்ளே ரூட் பிடிச்சிருக்கான்னு கேளுங்க. உள்ளே பிடிக்காததுக்கு மேலே எத்தனை பூசினாலும் அது பூச்சுதான்” என்றார்.

ரூட் என்றால் வேர். குழாயின் உட்புறத்தோடு ஒட்டி முதன்முதல் இடப்படும் ஓட்டத்திற்குத் தொழிலாளர் வைத்த பெயர் அது. அதன்மேல் இரண்டாவது, மூன்றாவது ஓட்டங்கள் நிரப்பப்பட்டு, கடைசியில் மூடி என்னும் மேல்வரி இடப்படும். கண்ணுக்குத் தெரிவது மூடி மட்டுமே. ஆனால் நீராவியும் நீரும் எண்ணெயும் தொடுவது வேரைத்தான். வேர் முழுதும் உருகிச் சேராதிருந்தால், அங்கே ஒரு கீறல் உறங்கிக்கொண்டிருக்கும். குழாய் சூடேறி நீளும்போதும் குளிர்ந்து சுருங்கும்போதும் அது மெல்ல மெல்ல விழித்துக்கொள்ளும்.

நம் நாட்டுத் தட்பவெப்பமும் இத்தொழிலுக்கு ஒரு மறைமுகமான பகையாக இருக்கின்றது. குழாய் வேலைக்கு மிகுதியாக வழங்கும் குச்சியின்மேல் 7018 என்னும் எண் அச்சிடப்பட்டிருக்கும். முதலிரண்டு எண்கள், ஒட்டிய உலோகம் சதுர அங்குலத்திற்கு 70,000 பவுண்டு இழுவிசையைத் தாங்கும் என்பதைக் குறிக்கும். மூன்றாவது எண், எந்த நிலையிலும் அக்குச்சியால் ஒட்டலாம் என்பதைக் குறிக்கும். கடைசி எண், ஹைட்ரஜன் குறைந்த பூச்சு என்பதைக் காட்டும். இப்பூச்சு உப்பைப்போல் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரமான குச்சியை எரித்தால் ஹைட்ரஜன் உருகிய எஃகிற்குட் புகும். ஒட்டிய அன்று ஒன்றும் தெரியாது. மறுநாளோ அதற்கு மறுநாளோ, யாரும் தொடாதிருக்கும்போதே, உள்ளே வெடிப்பு விழும். ஆகையால் குச்சிகளைச் சூடான அடுப்புப்பெட்டியில் வைத்திருந்து, வேண்டும்போது சிலவற்றையே எடுக்கவேண்டும். நவம்பர் முதல் மழை விடாது பெய்யும் ஜொகூரில், திறந்த பெட்டியிலிருந்து குச்சி எடுப்பவன் தன் வேலையைத் தானே கெடுத்துக்கொள்கின்றான்.

வெடிப்பு என்பது சிறு சொல்லாயிற்றே என்று எண்ணவேண்டா. 1943 ஜனவரி மாதத்தில், அமெரிக்காவின் போர்ட்லந்து துறையில் புதிதாகக் கட்டி நிறுத்தப்பட்டிருந்த ஸ்கெனெக்டடி என்னும் எண்ணெய்க் கப்பல், அலையுமில்லாமல் புயலுமில்லாமல், நின்ற இடத்திலேயே பெருஞ்சத்தத்தோடு நடுவில் பிளந்தது. ஆணியடித்த பழைய கப்பலில் ஒரு தகட்டில் விழுந்த பிளவு அத்தகட்டின் ஓரத்தோடு நின்றுவிடக்கூடும். ஒட்டிக் கட்டிய கப்பலிலோ எல்லாத் தகடுகளும் ஒரே உடலாகிவிட்டமையால், பிளவு தடையின்றி ஓடிவிட்டது. எஃகின் தன்மையும் ஒட்டின் குறையும் சேர்ந்தால் என்ன நேரும் என்பதை உலகம் அக்காலத்துக் கப்பல்களினாற் கற்றுக்கொண்டது. நம் பெங்கெராங்கிலும் 2020 மார்ச் மாதத்தில் நேர்ந்த வெடிவிபத்தில் ஐவர் உயிரிழந்தனர். அது குழாய் ஒட்டினால் நேர்ந்ததென்று நாம் கூறவில்லை. அழுத்தமும் எண்ணெயும் அடைபட்டிருக்கும் இடத்தில் ஒரு பிழையின் விலை என்ன என்பதையே நினைவூட்டுகின்றோம்.

இதனாலேயே இத்தொழிலில் நம்பிக்கை என்பது வாய்ச்சொல்லால் கிடைப்பதில்லை. பெரிய ஆலைகளில், ஏனையோர் சென்றபின் இரவு வேளையில், இரிடியம் 192 என்னும் கதிர்வீசும் பொருளைக் கொண்டு ஒட்டின் உட்புறத்தைப் படமெடுக்கின்றனர். அப்படத்தில் காற்றுக் குமிழியும் சிக்கிய கசடும் கரும்புள்ளிகளாகத் தெரியும். குழாய் முழுவதையும் நீரால் நிரப்பி, அது தாங்கவேண்டிய அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கு அழுத்திப் பார்ப்பதும் உண்டு.

ஆளைச் சோதிக்கும் முறை இதைக்காட்டிலும் கண்டிப்பானது. குழாயை 45 பாகை சாய்வில் அசையாமல் நிறுத்தி, அதனைத் திருப்பாமலே சுற்றிவர ஒட்டவேண்டும். ஒட்டுபவன் ஒருகணம் தலைக்குமேலும், ஒருகணம் பக்கவாட்டிலும், ஒருகணம் நெஞ்சுக்கு நேராகவும் கையைக் கொண்டுபோக வேண்டியவனாகின்றான். இச்சோதனைக்கு 6ஜி என்று பெயர். முடிந்ததும் ஒட்டிலிருந்து பட்டைகளை வெட்டியெடுத்து, லாடம்போல் வளைப்பர். வளைத்த இடத்தில் மூன்று மில்லிமீட்டருக்கு மேற்பட்ட வாய் பிளந்தால் தேர்வில் தோல்வியே. தேறியவனும் அம்முறையில் ஆறு மாதம் கைவைக்காதிருந்தால் அவன் தகுதி காலாவதியாகிவிடும்.

இவ்விடத்தில் நம் நிலையையும் ஒப்பிட்டுப் பார்க்கின்றோம். நாம் ஆங்கிலப் பள்ளியிற் படித்துப் பெற்ற சான்றிதழ், ஒரு கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரிலே தொங்குகின்றது. வேலைக்குச் சேர்ந்த நாள்முதல் இன்றுவரை, அதிலுள்ளது இன்னும் நம் தலையில் இருக்கின்றதா என்று எவரும் வளைத்துப் பார்த்ததில்லை. குழாய் ஒட்டுபவனுடைய சான்றோ அவன் கையில் உயிரோடிருக்கவேண்டும். இவ்விரண்டில் எதற்கு அதிக மதிப்பென்று நாட்டாரைக் கேட்டால், சுவரில் தொங்குவதற்கே என்பார்கள். இது நியாயமா என்பதை நேயர்களே ஆராய்க.

சென்ற ஆண்டு நம் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு தாய், தன் மகனுக்கு அலுவலக வேலைக்கு விண்ணப்பம் எழுதித் தரும்படி நம்மிடம் வந்தார். கணவரை இழந்தவர். உதிர்காய் பொறுக்கிப் பொறுக்கி விரல்கள் மரத்துப்போனவர். மகனோ வெல்டிங் படிக்க வேண்டுமென்று பிடிவாதமாயிருந்தான்.

“ஐயா, நீங்களாவது அவனுக்கு எடுத்துச் சொல்லுங்க. எங்க மாமியாரு கை கித்தாக் காட்டுல போச்சு. என் கை செம்பனையில போச்சு. அவன் கையாவது பேனா பிடிக்கட்டுமே” என்றார்.

இச்சொல்லை அறியாமை என்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. மூன்று தலைமுறை உடலுழைப்பில் எவர் எதனைப் பெற்றார், எவர் எதனை இழந்தார் என்ற கணக்கு அதில் அடங்கியிருந்தது. கைவேலை என்றாலே பிறர் ஏவக் குனிவது என்பதுதான் அவர் கண்ட உலகம். அவ்வுலகத்தினின்று மகனைத் தப்புவிக்க நினைப்பது தாயின் கடமையே.

“அம்மா, உங்கள் பேச்சில் பிழையில்லை. ஆனால் பேனா இருக்கும் இடத்தைக் கொஞ்சம் பாருங்கள்” என்றோம். முன்பு நம் அலுவலகத்தில் மூவர் அமர்ந்து எழுதிய செக்ரோலை இன்று ஒருவரும் ஒரு கணினியுமாக முடித்துவிடுகின்றோம். நாளை அந்த ஒருவரும் வேண்டுமோ வேண்டாமோ தெரியாது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகும்போது, கங்காணியோடு கிராணியும் சேர்ந்தே வெளியேறுகின்றார். குழாய் ஒட்டத் தெரிந்தவனுக்கோ, ஆலை போனால் கப்பல் உண்டு. கப்பல் போனால் தண்ணீர் உண்டு. பாசீர் கூடாங்கிலும் பத்து பகாட்டிலும் அரசாங்கத் தொழிற்பயிற்சிக் கழகங்கள் இருக்கின்றன. அங்கே பயின்று மலேசியத் திறன் சான்றிதழைப் படிப்படியாகப் பெற்றால், அவன் ஏவலாளாக அல்லாமல் தொழிலாளியாக வெளியே வருவான் என்று விளக்கினோம்.

அவர் நெடுநேரம் பேசாதிருந்து, “கண்ணு கெட்டுப்போகாதா ஐயா?” என்று கேட்டார். அதற்குப்பின் விண்ணப்பத்தை எழுதினோம். அலுவலகத்திற்கன்று, பயிற்சிக் கழகத்திற்கு. பையன் இப்பொழுது அங்கேதான் இருக்கின்றான்.

பிறப்பைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். நம் முன்னோர் நாட்டில் இரும்பைக் காய்ச்சுவது இன்ன சாதியான் வேலை, உழுவது இன்ன சாதியான் வேலை, எழுதுவது இன்னான் வேலை என்று கருவிலேயே எழுதிவைத்தார்கள். கப்பலேறி வந்த பின்னரும் அவ்வெழுத்தைப் பெட்டியில் மடித்துக் கொண்டுவந்தவர் பலர். ஆனால் வளைத்துச் சோதிக்கப்படும் எஃகுப் பட்டைக்கு ஊரும் தெரியாது, குலமும் தெரியாது, தகப்பன் பெயரும் தெரியாது. வேர் பிடித்திருந்தால் பிளவாது, பிடிக்காவிடில் பிளக்கும். இதைக்காட்டிலும் நடுநிலையான நீதிபதியை நம் சமுதாயம் இதுவரை கண்டதில்லை.

இனி, அந்தத் தாய் கேட்ட கேள்விக்கு வருவோம். இத்தொழிலைப் புகழ்வதோடு நின்றுவிடுவது நேர்மையாகாது. வெல்டிங் புகை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2017இல் தீர்மானித்து, புகையிலைப் புகை இருக்கும் அதே முதல் வகுப்பில் அதனைச் சேர்த்தது. சுடரிலிருந்து வரும் புற ஊதாக் கதிர் கண்ணைத் தாக்கும், தோலையும் சுடும். நாம் அறிந்த ஓர் இளைஞன், பெயர் குறிப்பிட விரும்பாத ஒரு குத்தகைக்காரரிடம் வேலைக்குச் சேர்ந்தான். இருவருக்கு ஒரு முகக் கவசம். ஒருவன் ஒட்டும்போது மற்றவன் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். தொட்டிக்குள் இறங்கி ஒட்டும்போது புகையை இழுக்க விசிறியும் கிடையாது. அன்றிரவு கண்ணில் மணலை வாரிப் போட்டாற்போல் எரிய, வீட்டார் உருளைக்கிழங்கை அரிந்து கண்ணில் வைத்துக் கட்டினர். மறுநாள் வேலைக்குப் போகாததற்குக் கூலியும் பிடிக்கப்பட்டது.

கவசம் கொடாதவன் மிச்சம் பிடிப்பது பத்து வெள்ளி. இழப்பது பிறனுடைய கண். 1994ஆம் ஆண்டின் தொழிற் பாதுகாப்புச் சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டு, அத்திருத்தம் 2024 ஜூன் முதல் நடைமுறையில் இருக்கின்றது. உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பும் தொழிலாளி, முதலாளி அதனை நீக்காவிடில் அவ்விடத்தை விட்டு விலகலாம் என்று அது கூறுகின்றது. இந்த உரிமை நம் லயங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? சட்டம் நாட்டின் மேல்வரியாக அழகாக இருக்கின்றது. அது தொழிலாளியின் அறிவில் வேர்பிடிக்கவில்லையென்றால், அதுவும் பூச்சுதான்.

ஆகவே பெற்றோர்க்கு ஒரு சொல்: பிள்ளை கையில் பேனாவா குச்சியா என்று கேட்பதைவிட, அவன் கையில் இருப்பது யாரும் பறிக்கமுடியாத திறனா என்று கேளுங்கள். இளைஞர்க்கு ஒரு சொல்: மேல்வரியை மட்டும் பழகி, அரைகுறையாய்க் கூலிக்கு ஓடாதீர்கள், வேரைப் பழகுங்கள், சான்றைப் பெறுங்கள், கவசமின்றிச் சுடரைத் தொடாதீர்கள். தோட்டத்துச் சங்கங்களுக்கும் ஆலய நிர்வாகங்களுக்கும் ஒரு சொல்: ஆண்டுக்கொருமுறை வாணவேடிக்கையில் எரிக்கும் பணத்தில் ஒரு பங்கை, ஒரு பையனுடைய பயிற்சிக்கும் அவனுக்குரிய முகக் கவசத்திற்கும் ஒதுக்குங்கள். அந்த நெருப்பு அரை நாழிகையில் அணைந்துவிடும். இந்த நெருப்பு ஒரு குடும்பத்திற்குச் சோறிடும்.

நம் சமூகத்தில் மேல்வரிக்குக் குறைவில்லை. பட்டங்களும் மாலைகளும் மேடைகளும் வேண்டிய மட்டும் இருக்கின்றன. அழுத்தம் வந்து சேரும்போது தாங்கப்போவது அவையல்ல. எவரும் பாராத உட்புறத்தில், முதுகை மண்ணில் வைத்துப் படுத்துக்கொண்டு, பொறுமையாக வேரைப் பிடிக்கவைத்த கையே தாங்கப்போகின்றது.